இளகிப்போன தொட்டி

எண் முப்பத்தோராயிரத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான், மேலே ஏறவில்லை.

பாகு அக்கா கண்ணாடியைக் கழற்றி மேலங்கி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே எண். கருவியை நிறுத்தினாள். கம்பியை வெளியே எடுத்துக் கழுவித் துடைத்தாள். குவளையை வெப்பம் மாறாத நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து வெப்பநிலை பார்த்தாள். இருபத்தைந்து டிகிரி, துல்லியமாக. திரும்பவும் கம்பியை இறக்கி ஒரு நிமிடம் சுழலவிட்டாள். முப்பத்தோராயிரத்து இருநூறு. மூன்றாவது தடவை முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

ஜெல் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் கருவி அது. கம்பி நுனியில் ஒரு சின்ன வட்டத்தகடு இருக்கும். அதை ஜெல்லுக்குள் சுழலவிட்டால், ஜெல் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை எண்ணாகக் காட்டும். அந்தத் தொழிற்சாலையில் நாற்பதாயிரத்துக்கு மேல், அறுபதாயிரத்துக்குக் கீழ் இருந்தால்தான் ஜெல் குழாய்களில் அடைக்கப்படும். அறிக்கைத் தாளில் அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு 'பாகுத்தன்மை'. பொட்டலம் கட்டும் பிரிவில் யாரோ ஒரு குறும்புக்காரர் அதை வைத்துத்தான் அவளுக்குப் பெயர் சூட்டினார். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை வெளியிலிருந்து வந்த அழைப்பை எடுத்து அவளே "பாகு பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தது சாதாரண ஜெல் இல்லை. தோல் அரிப்புக்கும் தடிப்புக்கும் போடும் ஸ்டீராய்டு ஜெல். முழங்கை மடிப்பு சிவந்துபோன குழந்தைகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது. எண்ணூறு கிலோ, கீழே தொட்டியில் இருந்தது. அடைக்கும் இயந்திரம் கழுவித் தயாராக இருந்தது. மேலேயிருந்து ஒரு கையெழுத்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு உடனே கீழே போய்ச் சொல்லத் துணிவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் எண் குறைவாக வந்ததென்று ஒரு தொட்டியை நான்கு நாள் நிறுத்திவைத்தாள். கடைசியில் பார்த்தால் தவறு அவளுடையது. மாட்ட வேண்டிய கம்பிக்குப் பதில் பக்கத்துக் கம்பியை மாட்டியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தலையைக் கண்டாலே, "அக்கா கம்பி எண்ணுறாங்கப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சிரிப்பு எழும். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள்.

சோதனைக்கூடத்துக்கு அவள் வந்துசேர்ந்த வழியும் லேசானது இல்லை. பதினொரு வருடம் கீழே குழாய்களின் வாலை மடித்து நசுக்கும் இயந்திரத்தில் நின்றவள் அவள். அங்கிருந்து மேலே ஏற்றிவிட்டது அவளுடைய தம்பி. அக்கா தம்பியைப் படிக்கவைத்த கதைதான் ஊரில் நிறைய உண்டு, இங்கே தலைகீழ். ஏழு வயது இளையவன், அதே கம்பெனியில் கொள்முதல் பிரிவில் சேர்ந்தவன், "உன் கண்ணுக்கு இந்த மெஷின் வேலை வீண்க்கா" என்று நச்சரித்துத் தபால்வழிப் படிப்பில் சேர்த்துவிட்டான். தசமப்புள்ளி, விகிதம் எல்லாம் அவனே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அவள் தப்புப் போட்டால் பென்சிலால் கைமுட்டியில் தட்டினான். சோதனைக்கூடத்தில் இடம் காலியானபோது மேலாளர்களிடம் வாயாடி அவளுக்கு வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது, உற்பத்தி மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதையும் அவசரம் என்றே சொல்வதால் அவருக்குப் பெயரே அவசரம் சார்.

"என்னம்மா, பேப்பர் இன்னும் வரல? ஆளுங்க கையக் கட்டிட்டு நிக்கிறாங்க. வியாழக்கிழமை காலைல லாரி வாசல்ல நிக்கும்."

"சார், எண் கம்மியா வருது. முப்பத்தோராயிரம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகக் குனிந்து கருவியைப் பார்த்தார். "கம்பி சரிதானே?"

"சரிதான் சார். மூணு தடவ பாத்துட்டேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அலமாரியைத் திறந்து இன்னொரு குவளையை எடுத்தாள். மருந்து சேர்ப்பதற்கு முன்னால், வெறும் ஜெல்லாக இருக்கும்போதே தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். அவர் கண் முன்னாலேயே அதே கம்பியை மாட்டி, அதே வேகத்தில் சுழலவிட்டாள். ஐம்பத்திரண்டாயிரம்.

"அப்போ ஜெல் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் அவர். "மருந்து போட்டதும் இளகிடுச்சா? எண்ணூறு கிலோவுக்கு ஒரு டப்பா மருந்து. அது போய் தொட்டியையே இளக்கிடுமா? நம்புற மாதிரியா இருக்கு?"

"எனக்கும் புரியல சார். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"மத்தியானம்னா மத்தியானம்." கதவு அடித்துக்கொண்டு மூடியது.

அன்று மாலைவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, வெறும் ஜெல்லை இரண்டு குவளைகளில் சம எடையாகப் பிரித்தாள். முந்தைய தொட்டிக்கு வந்த மருந்தில் மிச்சம் வைத்திருந்தது ஒரு புட்டியில் இருந்தது. புதிதாக வந்தது இன்னொரு புட்டியில். இரண்டும் வெள்ளைப் பொடி. இரண்டையும் செய்முறைப்படி முதலில் கரைப்பானில் கரைக்க வேண்டும்.

பழைய மருந்து கரைப்பானில் சமர்த்தாகக் கரைந்தது. புதியது அடம் பிடித்தது. அரை மணி கலக்கியும் அடியில் மணல் மாதிரி கிடந்தது. ஆனால் அதையே ஜெல்லில் ஊற்றிய உடனே மணல் இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. அவளுக்கு அங்கேயே பொறி தட்டியது. வேறொரு குவளையில் வெறும் தண்ணீர் எடுத்துப் புதிய மருந்தைத் தூவினாள். தூவின மாத்திரத்தில் காணோம். பழையதைத் தூவினாள். மேலே மிதந்துகொண்டே இருந்தது.

கருவியில் வைத்தாள். பழைய மருந்து கலந்த ஜெல் ஐம்பத்தோராயிரம். புதியது கலந்தது முப்பத்தோராயிரம்.

கிடங்குக்கு இறங்கிப் போய் டப்பாவின் ஒட்டுத்தாளைப் பார்த்தாள். டெக்ஸாமெத்தசோன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எப்போதும் இருக்கும் பெயர்தான். அதன் பின்னால் சிறிய எழுத்தில் இரண்டு சொற்கள்: சோடியம் பாஸ்பேட்.

அப்படியே டப்பாக்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜெல்லுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும் பவுடரோடு வரும் குறிப்புத்தாளில் முதல் எச்சரிக்கையே உப்பு படக்கூடாது என்பதுதான். அந்தப் பவுடரின் இழைகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்பதால்தான் ஜெல் கெட்டியாக இருக்கிறது. உப்பு பட்டால் இழைகள் சுருண்டுவிடும், ஜெல் இளகிவிடும். வியர்த்த மணிக்கட்டில் ஜெல் பட்டால் நீராக ஓடுவதை அவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வந்திருப்பது மருந்தின் உப்பு வடிவம். பெயர் அதேதான், ஆனால் சரக்கு வேறு.

டப்பாவோடு இருந்த தாளில் இரண்டு கையெழுத்து. ஒன்று, சரக்கைத் தருவித்தவருடையது. அவளுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை; பென்சில் பிடித்த காலத்திலிருந்து தெரிந்த கையெழுத்து.

தம்பியைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு வரச் சொன்னாள். அவன் டீக் கோப்பையோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைப் படியில் வைத்தான்.

"என்னக்கா?"

"புது ஸ்டீராய்டு எங்கேருந்து வாங்கின?"

"வழக்கமா தர்றவங்க கைய விரிச்சிட்டாங்க. மூணு வாரம் ஆகும்னாங்க. அவசரம் சார் என் உயிர எடுத்தார். வேற இடத்துல கேட்டேன், இருக்குன்னாங்க."

"பேருக்குப் பின்னாடி ரெண்டு வார்த்தை இருக்கே, பாத்தியா?"

"பாத்தேன். கேட்டேன். அதே மருந்துதான் சார், இன்னும் நல்லாக் கரையும்னு சொன்னான். நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

"கேட்டிருக்கலாம்." அவன் குரல் இறங்கியது. "என்னாச்சு இப்ப?"

சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தான். "ஜெல் பவுடர் இன்னும் கொஞ்சம் போட்டா கெட்டியாகாதா?" என்றான்.

"ஆகும்."

"அப்போ போட்டுடலாமேக்கா! எண் வந்தா போதும்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் வாய் திறப்பதற்குள் மேலேயிருந்து அவளைத் தேடிக் குரல் வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது.

அவசரம் சார் சோதனைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினார். "சரி, காரணம் தெரிஞ்சாச்சு. பவுடர் கொஞ்சம் கூட்டிப் போட்டு ஒரு சாம்பிள் செஞ்சு பாருங்க. இப்பவே."

தம்பி சொன்னதையே அவரும் சொன்னார். அவர் நின்று பார்க்க, அவள் செய்தாள். பவுடரை நனைத்து, ஊறவிட்டு, இளகின ஜெல்லில் கலந்து, ஜெல்லை இறுகவைக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குவளைக்குள் ஜெல் இறுகி, பளபளவென்று கண்ணாடிபோல் நின்றது. கருவியில் வைத்தாள். நாற்பத்தேழாயிரம்.

"அப்படிப் போடு!" அவசரம் சார் மேசையைத் தட்டினார். "நாளைக்குக் காலைல தொட்டில சேத்துடுவோம். பத்து மணிக்கு நீங்க பேப்பர் குடுங்க. நாற்பத்தேழுன்னு. பழைய எண்ணெல்லாம் எதுக்கு எழுதிட்டு? டிரையல்தானே அது."

அவர் போனதும் அவள் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. விரலால் தொட்டாலும் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் அது வேறு ஜெல் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் இரண்டு பேருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

ஆனால் அவள் அதற்குள் புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். உப்பு வடிவத்தில் அந்த உப்புக்கும் எடை உண்டு. அதே எடை போட்டால் உண்மையான மருந்து கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதோடு, இது தண்ணீரை நாடும் மருந்து. தோல் அப்படிப்பட்டதை எளிதில் உள்ளே விடாது. குழாயில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. தாய்மார்கள் தடவுவார்கள், அடங்கவில்லையென்று இன்னும் தடவுவார்கள், மருத்துவர் இதைவிடக் கடுமையான ஒன்றை எழுதிக்கொடுப்பார். பவுடர் சேர்ப்பதால் எதுவும் சரியாகப் போவதில்லை. எண் மட்டும்தான் சரியாகும்.

அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவும்போது கணவர் வந்து பக்கத்தில் நின்றார். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் அவர். விரல் இடுக்கில் எப்போதும் கறுப்புக் கிரீஸ். அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"நீ உண்மைய எழுதலன்னா என்னாகும்?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது. அதுதான் பயமா இருக்கு."

"எழுதினா?"

"அவன் வேலை போகும். இல்ல, என் வேலை போகும். ரெண்டுமே போனாலும் போகும்."

அவர் துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ என்ன பண்ணாலும் நான் உன் பக்கம்தான். ஆனா நாளைக்கு ராத்திரி உனக்குத் தூக்கம் வர்ற மாதிரி பண்ணு. நீ தூங்கலன்னா என்னையும் தூங்க விட மாட்ட."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. கைபேசியை எடுத்துத் தம்பியின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். அழைக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரல் நின்றது. பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை. அறிக்கைத் தாளில் பாகுத்தன்மைக் கட்டத்தில் முப்பத்தோராயிரம் என்று பேனாவால் எழுதினாள். மூன்று அளவுகளையும் எழுதினாள். கீழே குறிப்பு: மருந்து வேறு வடிவம். கையெழுத்திடும்போது எழுத்து கோணிப்போயிற்று. தாளை எடுத்துக்கொண்டு, ஒரு கையில் மருந்து கலக்காத ஜெல் குவளையும் மறு கையில் சாப்பாட்டுக் கூடத்து உப்புச் சிமிழுமாகத் தரப்பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனாள். எல்லோருக்கும் அவர் மேடம். அதிகம் பேசாதவர். அவசரம் சார் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

தாளைப் பார்த்ததும் அவர் எழுந்தே விட்டார். "என்னம்மா இது? நாற்பத்தேழு வந்துச்சே! நான் பக்கத்துல நின்னு பாத்தேனே!"

"அது பவுடர் கூட்டினதுக்கு அப்புறம் சார். தொட்டில இருக்கிறது முப்பத்தொண்ணு."

"மேடம், இவங்களுக்கு இதே வேலை. ரெண்டு வருஷம் முன்னாடியும்..."

மேடம் கையை உயர்த்தினார்.

"சொல்லுங்க," என்றார் மேடம்.

அவள் குவளையை மேசையில் வைத்தாள். வாயால் சொன்னால் உளறிவிடுவோம் என்று தோன்றியது. சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து ஜெல்லில் போட்டுக் கரண்டியால் நாலு சுற்று சுற்றினாள். மலைபோல் குவிந்திருந்த ஜெல் சரிந்து, நீர்த்து, குவளையைச் சாய்த்ததும் ஓரத்துக்கு ஓடியது.

"நமக்கு வந்திருக்கிற மருந்தும் ஒரு உப்பு மேடம். கெட்டியாக்கிடலாம். ஆனா குழாய்ல எழுதியிருக்கிற மருந்து இது இல்ல."

மேடம் டப்பாவின் தாளைக் கேட்டு வாங்கினார். அதில் இரண்டாவது கையெழுத்து இருந்தது. சரக்கு வந்த அன்று, விற்றவர்கள் அனுப்பிய சான்றிதழை நம்பி, உள்ளே சோதிக்காமல் அனுமதித்த அவருடைய கையெழுத்து.

"இது யார் கையெழுத்துன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"முதல் கையெழுத்து?"

"என் தம்பி."

மேடம் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

பிறகு மேடம் அந்தத் தாளின் அடியில் 'நிராகரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "லாரிய வர வேண்டாம்னு சொல்லிடுங்க சார்," என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

எண்ணூறு கிலோவும் அழிக்கப்பட்டது. விசாரணை மூன்று வாரம் நடந்தது. மேடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பின் வெளிச் சான்றிதழை நம்பி ஒரு டப்பாகூட உள்ளே போகக்கூடாது என்று அவரே விதி எழுதினார். புதிதாக வரும் ஒவ்வொரு மருந்தையும் சிறு குவளை ஜெல்லில் கலந்து பார்க்கும் வேலை பாகு அக்கா தலையில் விழுந்தது. தலைக்கு மேல் வேலை. பதவி உயர்வு மட்டும் இல்லை. அவசரம் சார் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் "என்னம்மா, பேப்பர் வரல?" என்று கதவைத் தள்ள ஆரம்பித்தார்.

தம்பிக்கு வேலை போகவில்லை. கொள்முதலிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவன் அவளோடு பேச்சை நிறுத்தினான். காலையில் கம்பெனிப் பேருந்தில் அவள் முன்பக்கம் ஏறினால் அவன் பின்பக்கம் ஏறினான். அவன் மனைவி மட்டும் நடுவில் போன் செய்து, "எனக்கு உங்க மேல கோவமில்ல அண்ணி, அவருக்குத்தான் இன்னும் ஆறல" என்பாள். ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

வேறு கம்பெனியில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்ததும், மனைவியின் வற்புறுத்தலால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தான். கணவரும் அவளும் பேச்சை எங்கெங்கோ இழுத்துப் பார்த்தார்கள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கை கழுவும் இடத்தில் அவள் துண்டை நீட்டியபோதுதான் பேசினான்.

"நீ எழுதினது தப்புன்னு நான் எப்பவும் சொல்லலக்கா."

"அப்புறம் ஏண்டா?"

"எழுதப்போறேன்னு காலைல ஒரு போன் பண்ணியிருக்கலாம். எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு விசாரிச்சப்போதான் எனக்கே தெரியும். முட்டாள் மாதிரி நின்னேன்."

அவளுக்கு உண்மையைச் சொல்லுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "முந்தின நாள் போன எடுத்தேன்டா. பண்ணல. உன் குரலக் கேட்டா எழுதியிருக்க மாட்டேன்."

அவன் கை துடைத்துக்கொண்டே இருந்தான்; துடைத்து முடித்த பிறகும் துடைத்தான்.

"அழுதிருப்பேன்," என்றான் கடைசியில். "நீயும் இளகியிருப்ப."

"அதான்."

துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். போய், தன் தட்டு எடுக்கப்பட்டுவிட்டதைப் பார்த்து, இன்னொரு தட்டு கேட்டான். இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் போலிருக்கிறது என்றான்.